அடி கேட்டு வந்த தரகர்

எங்கள் வாசகசாலைச் சுவரில் மூன்று நாட்காட்டிகள் தொங்கின. ஒன்று ஆங்கிலம், ஒன்று தமிழ், ஒன்று மலையாளக் கொல்லம் ஆண்டு; எங்கள் ஊர் மலையாள நாட்டுக்குள் இருக்கும் தமிழ் ஊர். செயலாளர் என்ற முறையில் காலையில் மூன்றிலும் தாள் கிழிப்பது என் வேலை. அந்தப் பழக்கத்தில் எதைச் சொன்னாலும் நாளைச் சொல்லாமல் எனக்கு வாய் வராது. நான் சொல்லப்போவது 1978 பிப்ரவரி மாதத்தின் கடைசியில் நடந்தது. பிங்கள ஆண்டு மாசி. கொல்லம் கணக்கில் 1153 கும்பம். மற்ற ஊர்களில் மாமரங்கள் பூவும் பிஞ்சுமாக நிற்கும்போதே முதலமடைப் பக்கத்து வறண்ட மண்ணில் காய் பறிக்கத் தொடங்கிவிடுவோம். அதனால் முதல் லோடுக்கு நல்ல கிராக்கி. லாரிகள் மாசியிலேயே வந்து புளியமரத்தடியில் வரிசை கட்டும்.

நெருக்கடி நிலை போய் அப்போது ஓர் ஆண்டுகூட முடியவில்லை. அந்தக் காலத்தில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைச் சந்தையில் வைத்துப் போலீஸ் கூட்டிப் போனது. எந்த ஸ்டேஷன், என்ன குற்றம் என்று வீட்டாருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் திரும்பி வந்தபோது நடை மாறியிருந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் காக்கிச் சட்டை தெரிந்தால் டீக்கடையில் பாதி கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். பிடிபட்டவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும், ஒரு நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் 1950 முதல் அரசியலமைப்பில் இருக்கிறது. அதன் மலையாளப் பிரதி வாசகசாலையிலும் இருந்தது. அதுவரை என்னைத் தவிர யாரும் அதை இரவல் கேட்டதில்லை.

இரண்டாவதாகக் கேட்டவர் புதிதாக வந்த சப் இன்ஸ்பெக்டர். தை மாதம் பொறுப்பேற்றவர். முப்பது வயதிருக்கும். பிறந்தது ஆலப்புழைக் கடற்கரை. அதற்கு முன் வேலை பார்த்தது சாந்தன்பாறை ஏலக்காய் மலையில். அந்தக் குளிரிலிருந்து எங்கள் வெயிலுக்கு வந்தவர் ஈரக் கைக்குட்டையைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். மாலையில் பத்திரிகை படிக்க வருவார். ஒரு வரியைப் படித்தால் அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்பார். எங்களுக்கு அவருடைய மலையாளம் புரியும். அவருக்குத்தான் எங்கள் கொங்குத் தமிழ் கொஞ்சம் வேகமானால் பிடிபடாது. அப்போதெல்லாம் என்னைப் பார்ப்பார், நான் மொழிபெயர்ப்பேன்.

மாங்காய்க் களத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. தோட்டக்காரரும் தரகரும் கைகளைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, விரல் கணுவை அழுத்தினால் ஒரு கணக்கு. இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்று தோட்டக்காரர் தன் கடைசி விலையைத் தரகரின் விரலில் சொல்லிவிடுவார். தரகர் அதை மனதில் பூட்டிக்கொண்டு, அதற்கு மேல் எவ்வளவு வாங்க முடியுமோ அதை வியாபாரியிடம் பேசி வாங்கித் தருவார். பூட்டியது வெளியே வந்தால் தோட்டக்காரருக்கு நட்டம். அப்படி ஒருமுறை வெளியே விட்ட தரகரின் கைக்கு மேல் பிறகு யாரும் துண்டு போட மாட்டார்கள்.

எங்கள் களத்தில் வாய் இறுக்கத்துக்குப் பேர் போன தரகர் ஒருவர் இருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். ஊர் முறையில் அவருக்கு நான் மாப்பிள்ளை. சொந்தமாக ஒரு சென்ட் நிலமில்லை. வீட்டில் அடுப்பெரிவது அந்த வாயின் பூட்டில்தான்.

அந்த வியாழக்கிழமை காலையில் நானும் களத்தில் இருந்தேன். வீட்டுக் கொல்லையில் நின்ற நாலு மரத்துக் காயைக் கூடையில் கொண்டுபோயிருந்தேன். எங்கள் பகுதியில் பெரிய தோப்பு வைத்திருந்த தோட்டக்காரர், மீசையே ஒரு தனி ஆள் போலத் தெரியும் ஆகிருதி, தரகரின் கையைத் துண்டுக்கடியில் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றார். துண்டு லேசாக நெளிந்தது. பொள்ளாச்சியிலிருந்து வந்த வியாபாரி மரியாதைக்காகத் தள்ளிப்போய் லாரி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எஸ்.ஐ. சைக்கிளில் வந்து இறங்கினார். சாந்தன்பாறையில் திருட்டு ஏலக்காய் கைமாறுவது இப்படித்தானாம்: இரண்டு பேர் நெருங்கி நின்று, துணிக்கடியில் பொட்டலத்தைத் தள்ளி, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நினைவில் நேராக நடந்து வந்தார். துண்டைப் பிடித்து ஒரே இழுப்பு.

வேட்டியை உருவியிருந்தால்கூடக் களத்துக்கு அவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது. துண்டுக்கடியில் பொட்டலம் எதுவும் இல்லை. தரகரின் ஆள்காட்டி விரலைத் தோட்டக்காரர் குழந்தை மாதிரிப் பற்றிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அடுத்த நொடி விரலை விட்டார். அந்தப் பெரிய உடம்பு மாமரங்களுக்கிடையே ஓடி மறைந்த வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

“எந்தா இது? துண்டுக்கடியில் என்ன நடந்தது?” என்று எஸ்.ஐ. கேட்டார்.

“அதச் சொல்லக்கூடாதுங்க” என்றார் தரகர்.

ஒருவர் ஓடிவிட்டார், இன்னொருவர் சொல்ல மறுக்கிறார். எந்தப் போலீஸ்காரருக்கும் சந்தேகம் வரும். ஸ்டேஷனுக்கு வந்து பேசலாம் என்று கூட்டிப் போனார். என்னைப் பார்த்ததும், மொழி சொல்ல நீங்களும் வாருங்கள் என்றார். துண்டும் கூடவே வந்தது.

ஸ்டேஷனில் தரகரைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அவர் பெஞ்சின் ஓரத்தில், எழுந்து ஓடத் தோதாக உட்கார்ந்தார். அங்கே ஓர் ஏட்டு இருந்தார். சித்தூர்ப் பக்கத்துக்காரர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், எங்கள் தமிழும் நன்றாகப் பேசுவார். துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ரெண்டு வெச்சா தானாச் சொல்லுவான், சாரே” என்றார், டீ சொல்லவா என்று கேட்கும் சாதாரணக் குரலில்.

“வேண்டாம்” என்றார் எஸ்.ஐ. தரகர் பக்கம் திரும்பினார். “உங்களை நான் கைது செய்யவில்லை. கேட்பது என் வேலை. உங்களுக்கே கேடாக முடியும் எதையும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பே சொல்கிறது.”

தரகருக்கு மலையாளம் புரிந்தது. ஆனால் நம்பிக்கை வரவில்லை. என்னைப் பார்த்தார். நான் தமிழிலும் ஒருமுறை சொன்னேன்.

“சொல்லாம இருக்கறதுக்குச் சட்டமா?” என்றார். “நெசமாலுமா மாப்ள? அப்ப எங்கூட்டுக்காரிகிட்ட வந்து ஒருக்கா சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க.”

ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரிப்பை மறைக்க. தரகருக்கு அதில் கொஞ்சம் தைரியம் வந்திருக்க வேண்டும்.

“ஆனா ஒண்ணுங்க. நாஞ் சொன்னா எனக்குக் கேடில்லீங்க. தோட்டக்காரருக்குத்தான் கேடு. அதுக்கும் அந்தச் சட்டம் ஆகுங்களா?”

மொழிபெயர்த்தேன். எஸ்.ஐ. நாற்காலியில் நிமிர்ந்தார். வாசகசாலையில் ஒரு வரியில் சிக்கிக்கொண்டால் வரும் அதே முகம். “ஆகாது” என்றார் கடைசியில், நேர்மையாக. “அது தன்னைக் காத்துக்கொள்ள மட்டும்தான். அடுத்தவருக்கு ஆகாது.”

தரகரின் முகம் தொங்கிவிட்டது. அதற்கு மேல் நான் பொறுக்கவில்லை. துண்டு, விரல், கணு, கடைசி விலை எல்லாவற்றையும் விளக்கினேன். எஸ்.ஐ. கேட்கக் கேட்க அவருடைய காது சிவந்தது.

“இதைக் களத்திலேயே சொல்லியிருக்கலாமே!”

“கை புடிச்சு வெல பேசறோம்னு நீங்க கேக்கலீங்களே. துண்டுக்கடியில என்ன நடந்துச்சுன்னு கேட்டீங்க. நடந்தது வெல. அத எப்படிங்க சொல்றது? பத்தடியில வியாபாரி நிக்கறாருங்க.”

“எங்க ஊர்ச் சந்தையிலயும் உண்டு, சாரே, மாட்டுக்கு” என்றார் ஏட்டு இப்போது.

“நீங்கள் ஏன் முன்பே சொல்லவில்லை?”

“சார் கேக்கலியே.”

எஸ்.ஐ. எழுந்தார். தடுத்து வைக்க எனக்குக் காரணம் எதுவுமில்லை, போகலாம் என்றார். போவதற்கு முன் டீ வரவழைத்தார். தரகர் ஸ்டேஷனில் உட்கார்ந்து டீ குடித்தார். நானும் குடித்தேன். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் நினைத்தேன்.

எங்கள் ஊரைப் பற்றி நான் எவ்வளவு குறைவாகத் தெரிந்துவைத்திருந்தேன் என்பது அன்று மாலை டீக்கடையில் தெரிந்தது.

“ஒரு கீறல்கூட இல்லாம வந்துட்டாப்ல” என்றார் ஒருவர்.

“சட்டை கசங்கலீங்க. டீ வேற குடுத்தாங்களாம்.”

“பன்னு குடுக்கலியா, பன்னு?”

“வாயத் தொறக்காதவனுக்கு எந்த ஸ்டேஷன்ல டீ குடுக்கறான்? எல்லாத்தயும் கொட்டியிருப்பாருங்க. வியாபாரியோட லாரி டிரைவர் ஸ்டேஷன் சன்னலுக்கு வெளியதான் பீடி புடிச்சுட்டு நின்னான்.”

ஊர் போட்ட கணக்கு இதுதான்: போலீஸில் சிக்கியவன் பேசாமல் இருந்தால் அடிபடுவான். இவன் அடிபடவில்லை. எனவே பேசிவிட்டான். நான் மேஜையைத் தட்டிச் சொன்னேன், நானே பக்கத்தில் இருந்தேன், ஒரு சொல் சொல்லவில்லை என்று. “நீங்களும் டீ குடிச்சீங்கல்லங்க?” என்று கேட்டார்கள்.

இருட்டுவதற்குள் தோட்டக்காரரும் ஆள் சொல்லி அனுப்பிவிட்டார். தன் விலை வியாபாரியின் காதுக்குப் போய்விட்டது; இனி தன் காய்க்கு அந்தத் தரகர் வேண்டாம். பெரிய தோட்டக்காரர் கைவிட்ட தரகரைச் சின்னத் தோட்டக்காரர்கள் தொடுவார்களா? காயோ பறித்துக் கிடந்தது. சனிக்கிழமைக்குள் ஏறாவிட்டால் வழியிலேயே பழுத்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் நாட்காட்டி கிழித்துக்கொண்டிருந்தபோது தரகர் வாசகசாலைக்கு வந்தார். இரவு தூங்கவில்லை என்று கண் சொன்னது.

“மாப்ள, சித்தெ என்ர கூட ஸ்டேஷனுக்கு வாங்க.”

தானாக ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று எங்கள் ஊரில் ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எதற்கு என்று கேட்டேன். அங்க வந்து சொல்றேன் என்றார்.

எஸ்.ஐ. முன்னால் கைகட்டி நின்றார். “சார், நேத்து நீங்க பண்ணது என்ர பொழப்பக் கெடுத்துப் போட்டுதுங்க.”

“துண்டை இழுத்ததா?”

“அது போனாப் போவுதுங்க. நீங்க அடிக்காம உட்டது.” கன்னத்தைக் காட்டினார். “இங்க ஒண்ணு வையுங்க. வெரல் பதியோணும். ரெண்டு நாளைக்குத் தெரிஞ்சாப் போதுமுங்க. ஊருக்குள்ள ஒரு சுத்துச் சுத்தி வந்துக்கறேன்.”

நான் மொழிபெயர்த்தேன். எஸ்.ஐ. நான் தப்பாகச் சொல்கிறேன் என்று நினைத்தார். இரண்டாம் முறை சொன்னேன். ஏட்டு சட்டைக் கையைச் சுருட்டத் தொடங்கியிருந்தார். “ஆள் விரும்பிக் கேக்கறதல்லே, சாரே? ஓர் உபகாரம்.”

“கையை இறக்குமய்யா!”

“சார் அடிக்கலேன்னா பரவாயில்லீங்க” என்றார் தரகர், “ஏட்டய்யாவே அடிக்கட்டும். எனக்கு ஒரு வருத்தமுமில்ல. எழுதி வேணாலும் குடுக்கறேன்.”

எஸ்.ஐ. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். விவரம் முழுவதையும் நான் சொன்னபோது அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “அடி விழாவிட்டால் அது குற்றத்துக்குச் சாட்சியா?” என்று தனக்குள் சொன்னார். பிறகு கேட்டார்: “இவர் சொல்லிவிட்டார் என்றால் அது இப்போது யாருக்குத் தெரிந்திருக்கும்? வியாபாரிக்கு. அப்படியானால் வியாபாரிக்குத் தெரியுமா தெரியாதா என்று பார்த்தால் போதுமே.”

களத்துக்குப் போனோம். எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். துண்டை ஏட்டு கொண்டுவந்தார். கூட்டம் கலைவதற்குத் தயாராக நின்றது. தோட்டக்காரர் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். இந்த முறை ஓடவில்லை.

“நேற்று இந்தத் துண்டை இழுத்தது நான்” என்றார் எஸ்.ஐ. “உங்கள் வழக்கம் தெரியாமல், கேட்காமல் இழுத்தேன். தப்பு என்னுடையது. க்ஷமிக்கணம்.”

யாருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. ஆனாலும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: “ஏனுங்க, அத இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்க. இங்க சரியாக் கேக்கல.”

கூட்டம் சிரித்தது. எஸ்.ஐ. சிரிக்காமல் இன்னொரு முறை உரக்கச் சொன்னார். காக்கிச் சட்டையிலிருந்து அந்த மன்னிப்புச் சொல் வந்து நாங்கள் கேட்டதில்லை. கலையத் தயாராக நின்றவர்கள் கூடைகளின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

பிறகு அவர் தன் யோசனையைச் சொன்னார். தரகர் தள்ளி நிற்கட்டும். தோட்டக்காரரும் வியாபாரியும் நேரே கை கோக்கட்டும். களத்தில் ‘ஒரே பிடி’ என்று ஒரு முறை உண்டு: வியாபாரி ஒரே ஒரு தடவை தன் விலையைப் பிடிக்க வேண்டும், ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, தோட்டக்காரரின் கடைசி விலைக்குக் கீழே போனால் லோடு கிடையாது. ஏட்டிடம் கேட்டு அதைத் தெரிந்துவைத்திருந்தார். “அவருக்கு உங்கள் விலை தெரிந்திருந்தால் சரியாக அதையே பிடிப்பார். ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க அவருக்கென்ன பைத்தியமா? பிடித்ததும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.”

தோட்டக்காரர் மீசையைத் தடவினார். காய் கிடக்கிறது, சனிக்கிழமை நாளைதான். “சரிங்க, பாத்துப்போடலாம்” என்றார்.

வியாபாரி வந்தார். துண்டு விழுந்தது. அந்த நேரத்தில் தரகர் என் காதருகே குனிந்தார்.

“மாப்ள, இந்தாளு கெட்டிக்கார வெலக்காரனுங்க. தெரியாமயே குத்துமதிப்பாச் சரியாப் புடிச்சுட்டான்னா?”

எஸ்.ஐ. கேட்டார், என்ன சொல்கிறார் என்று. சொன்னேன். இதை அவர் யோசித்திருக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. சோதனையை நிறுத்தலாமா என்று அவர் ஓரடி எடுத்துவைத்தார்; ஆனால் ஒருமுறை துண்டில் கைவைத்துப் பட்டவர். நின்றுவிட்டார். கைக்குட்டையைத் தொப்பியிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்தார். தரகர் கண்ணை மூடிக்கொண்டார்.

துண்டு அசையவில்லை. வியாபாரி நெற்றியைச் சுருக்கி யோசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு வியாபாரியின் லாரி காலியாக நிற்கிறது. கீழே பிடித்தால் முதல் லோடு கைவிட்டுப் போகும். கடைசியில் துண்டு ஒருமுறை துள்ளியது.

தோட்டக்காரரின் மீசை முதலில் ஆடியது. பிறகு தோள். பிறகு வயிறு. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மாந்தோப்பே எதிரொலிக்கும்படி சிரித்துவிட்டார். அவர் அவ்வளவு சிரிக்கும்படி கடைசி விலைக்கு எவ்வளவு மேலே வியாபாரி பிடித்திருக்க வேண்டும் என்று கூட்டத்துக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் கூட்டமும் சிரித்தது.

“தெரியாதுங்க!” என்றார் தோட்டக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இவருக்கு ஒண்ணுமே தெரியாதுங்க! சாமி சத்தியமா ஒண்ணுமே தெரியாதுங்க!”

தரகர் கண்ணைத் திறந்தார். பொத்தென்று ஒரு கூடை மேல் உட்கார்ந்தார். முந்தின நாள் நான் களத்திலேயே விட்டுப்போன கூடை அது. அடியிலிருந்த காய்கள் நசுங்கும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

தோட்டக்காரர் நேரே அவரிடம் வந்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அது வழக்கமில்லை. கையை நீட்டி, “அடுத்த லோடு நாளான்னிக்குங்க. வாங்க, பேசிப்போடலாம்” என்றார். துண்டை உதறித் தானே தரகரின் கைமேல் போட்டார். எல்லோரும் பார்க்கும்படி, நடுக்களத்தில். எஸ்.ஐ. சட்டென்று திரும்பி, அவர்களுக்கு முதுகைக் காட்டிப் புளியமரத்தைப் பார்க்கத் தொடங்கினார். ஏட்டும் திரும்பினார். கூட்டத்தில் ஒரு முதியவர், “பரவாயில்ல, படிச்சுக்கிட்டாப்ல” என்றார்.

கூடைகள் ஏறின. வைக்கோல் பரப்பினார்கள். தரகர் குரல் திரும்பி வந்துவிட்டது; “காம்பு கீழ பாக்க அடுக்குங்கடா, பால் வடியட்டும்” என்று சுமைக்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தார். வியாபாரி மட்டும் லாரிப் படியில் ஒரு காலை வைத்தபடி ஏறாமல் நின்றார். தோட்டக்காரரின் சிரிப்பு இன்னும் அவர் காதில் இருந்திருக்க வேண்டும். எஸ்.ஐ.யைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க சார், புடிபட்டவனுக்குச் சட்டமிருக்கு, சொல்லாதவனுக்குச் சட்டமிருக்கு. தெரியாம அதிகமாக் குடுத்துட்டவனுக்கு உங்க சட்டத்துல ஒண்ணுமில்லீங்களா?”

எஸ்.ஐ. என்னைப் பார்க்கவே இல்லை. “இல்லீங்க” என்றார், எங்கள் தமிழிலேயே.